மண் நடுங்கினாலும் மனை நிற்கும்

இந்திய தேசப் படத்தை விரித்து அதன் மேற்குக் கோடியைச் சற்றே உற்றுப் பாருங்கள். கடலுக்கும் உப்புப் பாலைவனத்துக்கும் நடுவில், கவிழ்ந்து படுத்திருக்கும் ஆமையைப் போல ஒரு நிலப்பரப்பு தென்படும். ஆமைக்கு வடமொழியில் 'கச்சபம்' என்று பெயர். அதிலிருந்துதான் 'கட்ச்' என்ற பெயர் வந்தது என்று அந்நாட்டார் பெருமையுடன் சொல்லிக்கொள்கிறார்கள். குஜராத் ராஜ்யத்தின் ஒரு ஜில்லாதான் அது. ஆயினும் நமது அண்டை வீடாகிய கேரள ராஜ்யம் முழுவதையும் அந்த ஒரு ஜில்லாவுக்குள் வைத்துவிட்டாலும் இடம் மிச்சமிருக்கும்.

இந்த ஆமைக்கு ஒரு பொல்லாத வழக்கம் உண்டு. ஐம்பது வருஷமோ நூறு வருஷமோ அசையாமல் கிடக்கும். பிறகு ஒரு நாள் திடீரென்று உடம்பைச் சிலிர்த்துக்கொள்ளும். 1819-ஆம் வருஷம் ஜூன் 16-ஆம் தேதி அது சிலிர்த்துக்கொண்டபோது, வடக்கே ரண் பிரதேசத்தில் பல மைல் நீளத்துக்கு நிலம் மேடிட்டு ஓர் அணைபோல் எழும்பி நின்றது. மனிதர் கை படாமல் எழுந்த அந்தக் கரைக்கு ஜனங்கள் 'அல்லா பந்த்', அதாவது கடவுள் கட்டிய கரை, என்று பெயரிட்டார்கள். சிந்திரி என்னும் கோட்டையைச் சுற்றியிருந்த நிலம் அப்போது தாழ்ந்து நீரில் மூழ்கிற்று. 1956-ஆம் வருஷம் ஜூலை 21-ஆம் தேதி அஞ்சார் நகரத்தில் நூற்றுக்கு மேற்பட்டவர் மாண்டனர்.

அதன் பின் வந்தது 2001-ஆம் வருஷம் ஜனவரி 26-ஆம் தேதி, வெள்ளிக்கிழமை. குடியரசுத் தினம். பள்ளிக்கூடங்களில் கொடியேற்றும் நேரம். காலை 8 மணி 46 நிமிஷத்துக்குப் பூமி குலுங்கத் தொடங்கியது. குலுங்கி ஓய்வதற்குள், சர்க்கார் கணக்குப்படி 13,800-க்கு மேற்பட்டவர் குஜராத்தில் உயிரிழந்தனர். அஞ்சாரில் கொடிகளை ஏந்திக் குறுகலான தெரு வழியே ஊர்வலம் போய்க்கொண்டிருந்த பள்ளிப் பிள்ளைகள்மீது இரு புறத்து வீடுகளும் சரிந்து விழுந்தன. ஆசிரியர்களோடு 180-க்கு மேற்பட்ட குழந்தைகள் அந்தத் தெருவிலேயே முடிந்து போயினர்.

இவ்வளவு பயங்கரத்தையும் நினைவில் வைத்துக்கொண்டுதான் நாங்கள் கட்ச் நாட்டுக்குப் பிரயாணம் போனோம். ஆனால் இடிபாடுகளைப் பார்ப்பதற்காகப் போகவில்லை. இடிந்ததை மறுபடி கட்டியபோது, எழுத்தறியாத குடியானவரும் பரம்பரைக் கொத்தனாரும் சேர்ந்து ஒரு வித்தையைக் கற்றுக்கொண்டார்கள் என்று கேள்விப்பட்டிருந்தோம். அந்த வித்தை எது, அதை யார் கற்றுக்கொடுத்தார்கள், இத்தனை வருஷங்களுக்குப் பிறகு அதில் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று அறிந்து வரவே சென்றோம்.

ஆமையின் முதுகில்

ஆமதாபாத்திலிருந்து மேற்கே செல்லும் பாதை சூரஜ்பாரி பாலத்தைத் தாண்டியதும் கட்ச் நாடு ஆரம்பமாகிறது. இரு புறமும் உப்பளங்கள். அவற்றுக்கு அப்பால் வரிசை வரிசையாகக் காற்றாடிக் கம்பங்கள். கருவேல முள்ளைத் தவிரப் பச்சை என்று சொல்ல அதிகமில்லை. வருஷத்தில் பெய்யும் மழை நம் சென்னையில் பெய்வதில் மூன்றில் ஒரு பங்குகூடத் தேறாது. தண்ணீருக்கு இவ்வளவு பஞ்சமான சீமையில் சிமெண்டு வேலையை நனைத்து வைப்பது எப்படி என்ற கேள்வி எங்கள் மனத்தில் எழுந்தது. அதற்கு விடை பின்னால் கிடைத்தது.

வழியில் வரும் ஊர் பசாவூ. பூகம்பத்தின் மையம் இந்த ஊருக்கு அருகில்தான் இருந்தது. அன்று ஊரில் நின்ற கட்டிடங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம் என்கிறார்கள். இப்போது பார்த்தால், கடைகளும் ஒர்க்ஷாப்புகளும் லாரிகளுமாக எந்த நெடுஞ்சாலை ஊரையும் போலத்தான் இருக்கிறது. வித்தியாசம் ஒன்றே. பழைய ஊர்களுக்கே உரிய பழைய வீடுகள் இங்கே கிடையா. எல்லாம் 2001-க்குப் பின் பிறந்தவை.

எங்களுக்கு வழித்துணையாக வந்தவர் பூஜ் நகரைச் சேர்ந்த ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர். பழைய ஊர்களின் சுவரைப் பற்றி அவர் சொன்ன விவரம் எங்கள் கண்ணைத் திறந்தது.

கொன்றது எது?

"பூகம்பம் யாரையும் கொல்வதில்லை. வீடுதான் கொல்கிறது" என்று ஆசிரியர் ஆரம்பித்தார். திறந்த வயலில் நின்றவர்கள் தள்ளாடி விழுந்தார்கள். எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டார்கள். உள்ளே இருந்தவர்கள்தான் எழவில்லை.

ஏன் அப்படி? நிலம் ஒரு பக்கமாக இழுக்கும்போது வீட்டின் அடி அதனோடு போகிறது. மேற்பாகமோ பழைய இடத்திலேயே நிற்கப் பார்க்கிறது. பஸ் சட்டென்று கிளம்பினால் நின்றுகொண்டிருக்கும் பிரயாணி பின்னால் சாய்வதைப் போலத்தான். மேலே எவ்வளவு கனம் இருக்கிறதோ அவ்வளவு அதிகமாகச் சாயும். சாயாமல் தடுக்க வேண்டுமானால் நான்கு சுவர்களும் கை கோத்து நிற்க வேண்டும்.

கட்ச் நாட்டுக் கிராமங்களின் கல்வீடுகளில் அப்படிக் கை கோப்பது கிடையாது. சுவர்கள் முழங்கை அகலத்துக்கு மேல் கனமானவை, பார்வைக்குக் கோட்டைதான். ஆனால் அந்தக் கனம் வெளி முகம் ஒரு வரிசைக் கல், உள் முகம் ஒரு வரிசைக் கல், இடையில் சில்லுக் கல்லும் மண்ணும் என்று ஆனது. ஒன்றை ஒன்று கோத்துப் பிடிக்கும் நீளக் கல் இல்லை. குலுக்கல் வந்ததும் நடு மண் கீழே இறங்க, இரு முகங்களும் வயிறு உப்பிப் பிரிந்தன. மேலே இருந்த ஓட்டுக் கூரையும் உத்தரங்களும் படுத்திருந்தவர்மேல் இறங்கின. மூலைகளில் சுவரோடு சுவர் பிணைக்கப்படாததால், சீட்டுக்கட்டு வீட்டைப் போல ஒவ்வொரு சுவரும் தனித்தனியே சாய்ந்தது.

நகரத்து நாகரிக வீடுகள் பிழைத்தனவா? அதுவும் இல்லை. இருநூறு கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள ஆமதாபாத்தில் பல மாடிக் கட்டிடங்கள் மண்டியிட்டு விழுந்தன. கீழ்த் தளத்தில் மோட்டார்கள் நிறுத்துவதற்காகச் சுவரில்லாமல் தூண்களை மட்டும் நிறுத்தி, மேலே நாலைந்து மாடிகளை ஏற்றியிருந்தார்கள். ஒல்லிக் காலில் பெருத்த உடம்பு எவ்வளவு நேரம் நிற்கும்? ஆகவே ஏழையின் மண்ணையும் கல்லையும் மட்டும் குறை கூறுவதற்கில்லை. பிணைப்பில்லாத எதுவும் விழுந்தது. அது சிமெண்டானாலும் சரியே.

வட்ட வீட்டின் ரகசியம்

பூஜிலிருந்து வடக்கே ஒரு மணி நேர மோட்டார் பிரயாணத்தில் பன்னி என்னும் புல்வெளிப் பிரதேசம் இருக்கிறது. ஹோட்கா முதலிய கிராமங்களில் மால்தாரிகள் என்னும் கால்நடை வளர்ப்போர் வசிக்கிறார்கள். அவர்களுடைய வீட்டுக்கு 'பூங்கா' என்று பெயர். நம் ஊர்ப் பூங்காவோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். இது வட்டமான மண் வீடு. உட்புறம் நாலைந்து மீட்டர் அகலம், தாழ்ந்த சுவர், தலைக்கு மேலே கூம்பாகப் புல் வேய்ந்த கூரை. உள்ளே போனால் சுவர் முழுவதும் மண்ணால் புடைப்புக் கோலம் போட்டு, சின்னஞ்சிறு கண்ணாடிகள் பதித்திருக்கிறார்கள். ஒரு விளக்கு ஏற்றினால் நூறு விளக்கு எரிகிறது. இவ்வேலை அத்தனையும் பெண்களுடைய கைத்திறன்.

2001-ல் கல் வீடுகள் தரைமட்டமானபோது பூங்காக்களில் பெரும்பாலானவை நின்றன. காரணம் மந்திரமல்ல. வட்டச் சுவருக்கு மூலை கிடையாது. மூலையில்தானே சுவர் பிளக்கும்? குலுக்கல் எந்தத் திசையிலிருந்து வந்தாலும் வளையம் அதைச் சுற்றிப் பங்கிட்டுக்கொள்கிறது. கூரையோ புல், விழுந்தாலும் ஆளை நசுக்காது. வாசலும் சன்னலும் சிறியவை. பூகம்பத்தைப் பற்றி ஒரு புஸ்தகமும் படிக்காதவர்கள் கட்டிய வீடு, பூகம்ப சாஸ்திரம் சொல்லும் விதிகளில் பாதிக்கு மேல் தானாகவே அனுசரித்திருந்தது.

பாவம் யாருடையது?

பெரும் துன்பம் வரும்போது காரணம் தேடுவது மனித இயல்பு. 1934-ஆம் வருஷம் ஜனவரி 15-ஆம் தேதி பீஹாரையும் நேபாளத்தையும் ஒரு பூகம்பம் சூறையாடிற்று. ஹரிஜன யாத்திரையில் இருந்த மகாத்மா காந்தி, சில தினங்களுக்குப் பின் திருநெல்வேலியில் பேசியபோது, தீண்டாமை என்னும் பாவத்துக்குக் கிடைத்த தண்டனை இது என்று கருதுவதாகச் சொன்னார். கவியரசர் தாகூர் இதை ஒப்பவில்லை. இயற்கையின் சம்பவங்களுக்கு இயற்கையிலேயே காரணம் தேட வேண்டும் என்று மறுத்து எழுதினார். அந்த மறுப்பைக் காந்தியடிகள் தம்முடைய 'ஹரிஜன்' பத்திரிகையிலேயே வெளியிட்டார். கருத்து வேறுபாட்டிலும் அந்தப் பெரியவர்கள் காட்டிய மரியாதை நமக்குப் பாடமாகும்.

அடுத்த வருஷமே இன்னொரு பாடம் கிடைத்தது. 1935-ஆம் வருஷம் மே 31-ஆம் தேதி, விடியுமுன், இப்போது பாகிஸ்தானில் இருக்கும் குவெட்டா நகரம் அழிந்தது. பல்லாயிரக்கணக்கானோர் மாண்டனர். அந்த ஊரில் எஸ். எல். குமார் என்னும் இளம் இந்திய இஞ்சினீயர், 1931-ல் பலூசிஸ்தானத்தில் ஏற்பட்ட பூகம்பங்களுக்குப் பின், ரயில்வே உத்தியோகஸ்தர்களுக்காகச் சில வீடுகளைப் புது முறையில் கட்டியிருந்தார். கழித்துப் போட்ட பழைய தண்டவாளங்களை எலும்புக்கூடாக நிறுத்தி, செங்கற் சுவரை அதனோடு பிணைத்துக் கட்டிய வீடுகள் அவை. ஊரே விழுந்தபோது அவை நின்றன. தாம் கையாண்ட முறையை 1933-லேயே கட்டுரையாக எழுதியும் வைத்தார் குமார்.

ஆகவே, 2001-ல் கட்ச் நாட்டில் சுவர்கள் விழுந்தபோது, விழாத சுவரை எப்படிக் கட்டுவது என்ற அறிவு இந்தியாவுக்கு ஏறக்குறைய எழுபது வருஷத்துப் பழைய சொத்து. 1967-லேயே அது சர்க்கார் தரக் குறிப்பாக அச்சேறியிருந்தது. ரூர்க்கியில் அதைப் பாடமாகச் சொல்லிக்கொடுத்தார்கள். ஆயினும் அது பசாவூக் கொத்தனாரின் கரணைக்கு வந்து சேரவில்லை. பாவம் என்று ஒன்றைச் சொல்வதானால், அறிந்தவர் அறியாதவருக்குச் சொல்லாமல் விட்டதையே சொல்ல வேண்டும்.

பணமும் பாடமும்

பூகம்பம் நடந்து இரண்டு வாரங்களுக்குள் குஜராத் சர்க்கார் இதற்கென்று தனி ஆணையம் ஒன்றை அமைத்தது. உலக வங்கியும் ஆசிய வளர்ச்சி வங்கியும் கடன் கொடுத்தன. ஊர்களைப் பெயர்த்து வேறிடத்தில் குடியேற்றலாம் என்ற யோசனை முதலில் எழுந்தது. பெரும்பாலான கிராமத்தார் 'எங்கள் ஊரை விட்டு அசைய மாட்டோம்' என்று சொல்லிவிட்டார்கள். முடிவில், வீட்டைச் சர்க்கார் கட்டித் தருவதற்குப் பதிலாகப் பணத்தை வீட்டுக்காரர் கையில் கொடுப்பது, அவரே தம் மனையில் கட்டிக்கொள்வது என்று ஏற்பாடாயிற்று.

இதில் ஒரு சூக்ஷ்மம் இருந்தது. பணம் ஒரே தடவையில் வராது, மூன்று தவணை. முதல் தவணையில் வேலையைத் தொடங்கலாம். சுவர் உரிய உயரம் எழும்பி, இஞ்சினீயர் வந்து பார்த்து, பிணைப்புகள் சரியாக இருக்கின்றன என்று சான்று கொடுத்தால்தான் அடுத்த தவணை வரும். வீடு முடிந்த பிறகு கடைசித் தவணை. இதனால் நேர்ந்தது என்னவென்றால், கம்பி போடுவது என்பது 'யாரோ படித்தவர் சொல்லும் நியாயம்' என்ற நிலை மாறி, வீட்டுக்காரர் தாமே கொத்தனாரை விரட்டிக் கேட்கும் விஷயம் ஆகிவிட்டது. இம்முறையில் ஏறக்குறைய 2 லக்ஷம் வீடுகள் புதிதாக எழும்பின. சுமார் 9 லக்ஷம் வீடுகள் பழுது பார்க்கப்பட்டன.

பணம் மட்டும் போதாது, பாடமும் வேண்டும் அல்லவா? கொத்தனார்களுக்கு ஊர் ஊராகப் பயிற்சி நடந்தது. கட்ச் நாட்டுத் தொண்டு ஸ்தாபனங்கள் ஒன்று சேர்ந்து நடத்திய 'அபியான்' என்ற கூட்டமைப்பு, கிராமங்களுக்கு நடுவே விசாரணை நிலையங்களை ஏற்படுத்தியது. அவற்றுக்கு இட்ட பெயர் 'சேது'. சர்க்கார் உத்தரவைக் கிராமத்தாருக்கும், கிராமத்தாரின் குறையைச் சர்க்காருக்கும் கொண்டு சேர்க்கும் பாலம் என்று பொருள். பூஜ் நகரில் தோன்றிய 'ஹுன்னர்சாலா' என்னும் நிறுவனம், மண்ணையே கெட்டிப்படுத்திச் சுவராக்கும் முறைகளைக் கைவினைஞருடன் சேர்ந்து வளர்த்தது.

பாடம் சொல்ல வந்தவர்களில் புஸ்தகப் பண்டிதர் மட்டும் இல்லை. மகாராஷ்டிரத்தில் 1993 செப்டம்பர் 30-ஆம் தேதி அதிகாலையில் லாத்தூர்ப் பக்கம் பூகம்பம் வந்து ஏழாயிரத்துக்கு மேற்பட்டவர் மாண்டார்கள். அங்கே வீடுகளை வலுப்படுத்தியபோது, கிராமத்துப் பெண்களே வீடு வீடாகச் சென்று விவரம் சொன்னார்கள். அப்படிப் பழகிய பெண்கள் 2001-ல் கட்ச் நாட்டுக்கு வந்து, இங்குள்ள பெண்களோடு உட்கார்ந்து பேசினார்கள். துயரப்பட்டவள் துயரப்பட்டவளிடம் பேசுவதற்குத் துபாஷி வேண்டியதில்லை போலும்!

பக்கத்து ஜில்லாவில் பட்டன்கா என்ற கிராமத்துக்கு நேபாளத்திலிருந்து கொத்தனார்கள் வந்தார்கள். அவர்கள் குஜராத்திக் கொத்தனார்களுடன் ஒன்றாகக் கல் அடுக்கிக் காட்டினார்கள். அந்த ஊரில் ஒரு பரீட்சையும் நடந்தது. அசையும் மேடையின் மேல் சிறிய மாதிரி வீடுகளைக் கட்டி நிறுத்தினார்கள். ஒன்று பழைய முறை; மற்றொன்று பிணைப்புக்களுடன் கூடிய புது முறை. ஊரார் சுற்றி நிற்க மேடையைக் குலுக்கினார்கள். பழைய வீடு பொடியாயிற்று. புதிய வீடு நின்றது. ஆயிரம் பிரசங்கத்தால் ஆகாத காரியம் ஐந்து நிமிஷத்தில் ஆகிவிட்டது.

காகாவின் பாடம்

பசாவூவுக்கு அருகே ஒரு கிராமத்தில், அக்காலத்தில் பயிற்சி பெற்ற கொத்தனார் ஒருவரை ஆசிரியர் எங்களுக்கு அறிமுகம் செய்து வைத்தார். கட்ச் நாட்டில் கொத்தனாரைக் 'கடியா' என்பார்கள். வயது எழுபதுக்கு மேல் இருக்கும், வெள்ளைத் தலைப்பாகை. ஆசிரியர் அவரைக் "காகா" என்று அழைத்தபோது எங்களுக்குச் சிரிப்பு வந்தது. குஜராத்தியில் 'காகா' என்றால் சிற்றப்பா என்று அறிந்ததும் சிரிப்பை அடக்கிக்கொண்டு நாங்களும் "காகா" என்றே அழைத்தோம்.

"பூகம்பத்துக்கு முன் எத்தனை வீடு கட்டியிருப்பீர்கள், காகா?" என்று கேட்டோம்.

"கணக்கு வைக்கவில்லை, பாயி. எத்தனை விழுந்தது என்று மட்டும் தெரியும். எல்லாம் விழுந்தது" என்றார்.

சிறிது நேரம் ஒருவரும் பேசவில்லை. பிறகு அவரே எழுந்து, தம் வீட்டுச் சுவரைக் கையால் தட்டித் தட்டிப் பாடம் சொல்லலானார். அவர் சொன்னதை நம் வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும் அறிந்துகொள்ளுமாறு இங்கே தொகுத்துத் தருகிறோம்.

முதலாவது, கச்சை. நம் ஊர்க் கொத்தனார்கள் இதைப் 'பெல்ட்' என்கிறார்கள். அஸ்திவாரத்துக்கு மேல் ஒன்று, கதவு சன்னல்களின் தலைமட்டத்தில் ஒன்று, கூரைக்குக் கீழே ஒன்று என்று வீட்டைச் சுற்றிலும் அறுபடாமல் ஓடும் காங்கிரீட் பட்டை. மூன்றில் மிக முக்கியமானது சன்னல் தலைமட்டத்துப் பட்டை. சன்னலுக்கு மேல் மட்டும் துண்டு துண்டாகப் போட்டால் பிரயோஜனமில்லை. வெளிச் சுவர், நடுச் சுவர் எல்லாவற்றிலும் தொடர்ந்து ஓட வேண்டும். விறகுக் கட்டைச் சுற்றிக் கயிறு கட்டுவது போலத்தான். பாதிச் சுற்றுக் கயிறு எதைப் பிடிக்கும்? பட்டையின் கனம் 75 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. உள்ளே 8 மில்லிமீட்டர் கம்பி இரண்டாவது ஓட வேண்டும். 150 மில்லிமீட்டருக்கு ஒரு குறுக்குக் கம்பி கட்ட வேண்டும். மூலையில் கம்பியை வெட்டி நிறுத்தாமல் வளைத்து அடுத்த சுவருக்குள் செலுத்த வேண்டும்.

இரண்டாவது, நிற்கும் கம்பி. ஒவ்வொரு மூலையிலும் அஸ்திவாரத்திலிருந்து கூரைவரை சுவருக்குள் ஒரு கம்பி எழும்பி நிற்க வேண்டும். பட்டைகளை அது ஒன்றோடொன்று தைத்து விடுகிறது.

மூன்றாவது, கல்வீடானால் சுவரின் இரு முகத்தையும் ஊடுருவி நிற்கும் நீளக் கல். ஏறத்தாழ இரண்டடி உயரத்துக்கு ஒரு வரிசை, அந்த வரிசையில் நாலடிக்கு ஒரு கல். நீளக் கல் கிடைக்காவிட்டால் கம்பி வைத்த காங்கிரீட் துண்டைச் செய்து வைக்கலாம்.

நான்காவது, வாசல்களும் சன்னல்களும். மூலையை ஒட்டிச் சன்னல் வைக்கக் கூடாது. இரண்டடியாவது தள்ளி வைக்க வேண்டும். ஒரு சுவரின் நீளத்தில் பாதிக்கு மேல் திறப்பாக இருக்கக் கூடாது. காற்றோட்டம் வேண்டியதுதான், காற்றோட்டத்துக்காகச் சுவரைக் காலி செய்துவிடலாமா?

ஐந்தாவதாகக் காகா சொன்னது தண்ணீரைப் பற்றி. "சிமெண்டு குழந்தை மாதிரி, பாயி. பிறந்தவுடன் தண்ணீர் காட்டாவிட்டால் எலும்பு ஊறாது" என்றார். ஏழு நாளாவது காங்கிரீட் ஈரமாக இருக்க வேண்டும். குடிதண்ணீருக்கே குடத்தோடு நடக்கும் ஊரில் இது எப்படி நடந்தது?

இந்தக் கேள்விக்கு அந்த வீட்டு அம்மாள் பதில் சொன்னார். "பா, நீங்கள் சொல்லுங்கள்" என்று ஆசிரியர் பணிவாகக் கேட்டுக்கொண்டபின், முக்காட்டுக்குள்ளிருந்து மெதுவாகச் சொன்னார்: "பழைய சாக்குகளை நனைத்துப் பட்டையின் மேல் சுற்றி வைத்தோம். சாக்கு காய்கிறதா என்று இரவில் எழுந்து தொட்டுப் பார்ப்பேன். பாத்திரம் கழுவிய தண்ணீரை உபயோகிக்கலாமா என்று இவரைக் கேட்டேன். சாம்பலும் உப்பும் கலந்த தண்ணீர் கூடாது என்றார். ஆகவே குடிக்கும் தண்ணீரில் பங்கு வைத்தோம்."

சுவருக்காகத் தாகத்தைப் பங்கு வைத்த அந்த அம்மாளை வணங்கிவிட்டுப் புறப்பட்டோம். வீடு கட்டும் விஷயத்தில் இஞ்சினீயரைவிட, கொத்தனாரைவிட, தினமும் கூடவே இருந்து கவனிப்பவர்கள் வீட்டுப் பெண்கள்தாம். கற்பிக்க வேண்டியவர்களின் ஜாபிதாவில் அவர்கள் பெயர் முதலில் இருக்க வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றியது.

மறதி என்னும் சத்துரு

எல்லாம் நன்மையாகவே முடிந்தது என்று எழுதினால் அது உண்மையாகாது. வெளியூர்த் தர்மவான்கள் கான்டிராக்டரை வைத்து வரிசையாகக் கட்டிக் கொடுத்த குடியிருப்புக்களில் சிலவற்றை ஜனங்கள் விரும்பவில்லை. மாடு கட்ட இடமில்லை, உறவினர் பக்கத்தில் இல்லை, வயல் தூரம் என்று பல காரணங்கள். வீட்டைக் கொடுப்பது வேறு, வீடு கட்டும் அறிவைக் கொடுப்பது வேறு. முன்னது ஒரு தலைமுறைக்கு உதவும். பின்னது தொடர்ந்து உதவும்.

அந்தப் பின்னது தொடர்கிறதா என்பதுதான் எங்கள் மனத்தை உறுத்திய கேள்வி. கட்ச் நாட்டில் இப்போது தொழிற்சாலைகளும் துறைமுகங்களும் பெருகியிருக்கின்றன. வெளி ராஜ்யங்களிலிருந்து வந்த கொத்தனார்கள் பலர் வேலை செய்கிறார்கள். 2001-ல் பயிற்சி பெற்றவர்கள் கிழவர்களாகிவிட்டார்கள். வழியில் ஓரிடத்தில், பூகம்பத்துக்குப் பின் ஒழுங்காகக் கட்டிய கீழ் வீட்டின் மேல் புதிதாக ஒரு மாடி எழும்பிக்கொண்டிருந்தது. கீழே மூன்று கச்சை. மேலே ஒன்றுகூட இல்லை. காகாவிடம் இதைச் சொன்னபோது, "இப்போது தவணையும் இல்லை; பார்க்க வரும் இஞ்சினீயரும் இல்லை. கம்பியை மிச்சப்படுத்தி அந்தக் காசில் பளிங்குத் தரை போடுகிறார்கள்" என்றார். தம்முடைய பேரனுக்கு இந்தத் தொழிலில் நாட்டமில்லை என்பதையும் சொன்னார்.

பூஜ் நகரின் விளிம்பில் உள்ள பூஜியா குன்றின்மேல் 2022-ஆம் வருஷம் 'ஸ்மிருதி வனம்' என்னும் நினைவிடம் திறக்கப்பட்டது. குன்றின் சரிவில் சிறு சிறு அணைகள் கட்டி மழை நீரைத் தேக்கி, இறந்தவர்களின் பெயர்களைப் பொறித்திருக்கிறார்கள். மரங்கள் வைத்து வளர்க்கிறார்கள். காட்சிசாலைக்குள் பூகம்பத்தின் அதிர்ச்சியை உடலால் உணரும்படி குலுங்கும் அறை ஒன்றும் உண்டு. பிள்ளைகள் கூச்சலிட்டுக்கொண்டு உள்ளே போய், வெளியே வரும்போது மௌனமாக வந்தார்கள். நகரத்துக்குள், 2001-ல் இடிந்து போன பெரிய ஆஸ்பத்திரிக்குப் பதிலாகக் கட்டிய புதிய ஆஸ்பத்திரி, ரப்பரும் ஈயமும் சேர்ந்த தாங்கிகளின் மேல் நிற்கிறது. பூமி குலுங்கினாலும் கட்டிடம் மெதுவாக ஊசலாடித் தப்பித்துக்கொள்ளும். இவை இரண்டும் பெருமைப்படத் தக்கவையே. ஆனால் ஸ்மிருதி என்பது குன்றின்மேல் மட்டும் இருந்து பயனில்லை. கொத்தனாரின் கரணையிலும் இருக்க வேண்டும்.

கட்ச் நாட்டுக்கு உதவிய நேபாளத்தில் 2015 ஏப்ரல் 25-ஆம் தேதி பெரும் பூகம்பம் வந்து ஏறக்குறைய 9,000 பேர் மாண்டனர். காத்மாண்டுப் பள்ளத்தாக்கில் முன்கூட்டியே வலுப்படுத்தியிருந்த பள்ளிக் கட்டிடங்கள் அப்போது நின்றன. கற்றதைக் கைவிடாத இடத்தில் பலன் கிடைக்கிறது என்பதற்கு வேறென்ன அத்தாட்சி வேண்டும்?

நமக்கு என்ன?

'நம் ஊரில் பூகம்பம் ஏது?' என்று வாசகர்கள் கேட்கலாம். 2002-ஆம் வருஷம் தேசத்தின் பூகம்ப மண்டலப் படத்தைத் திருத்தியபோது, சென்னையை இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு உயர்த்தினார்கள். அந்தப் படத்தில் ஐந்தாம் மண்டலமாக இருந்த கட்ச் நாட்டின் அபாயம் நமக்கு இல்லை. ஆனால் அபாயமே இல்லை என்று எவரும் சொல்லவில்லை. பூகம்பம் இல்லாவிட்டாலும் நமக்குப் புயல் இருக்கிறது, வெள்ளம் இருக்கிறது. 2004-ஆம் வருஷத்துக் கடற்கோளுக்குப் பின் நம் கரையோரத்தில் புது வீடுகளைப் பெரும்பாலும் தொண்டு ஸ்தாபனங்களே கட்டி ஒப்படைத்தன. வீட்டுக்காரர் கட்டக் கற்றுக்கொள்ளும் சந்தர்ப்பம் கட்ச் நாட்டாருக்குக் கிடைத்த அளவுக்கு நம்மவருக்குக் கிடைக்கவில்லை.

நம் வீடுகளில் கிரகப் பிரவேசத்துக்கு நாள் பார்க்கிறோம். வாசல் எந்தத் திசை, சமையலறை எந்த மூலை என்று பல பேரைக் கேட்கிறோம். தரைக்கு என்ன கல், சுவருக்கு என்ன வர்ணம் என்று மாதக்கணக்கில் யோசிக்கிறோம். பூச்சு வேலை முடிந்தபின் சுவருக்குள் இருப்பதும் இல்லாததும் ஒன்றுபோலத்தான் தெரியும். ஆகையால் பூசுவதற்கு முன்னால் ஒரு நாள், குடும்பத்தோடு போய், வீட்டைச் சுற்றி வாருங்கள். கச்சை அறுபடாமல் ஓடுகிறதா? மூலையில் கம்பி வளைந்து போகிறதா? சன்னல் மூலையை விட்டுத் தள்ளி இருக்கிறதா? காங்கிரீட் ஈரமாக இருக்கிறதா? இந்த நான்கு கேள்விகளைக் கொத்தனாரிடம் மரியாதையுடன் கேளுங்கள். நல்ல கொத்தனார் கோபிக்க மாட்டார். தம் வேலையைப் புரிந்துகொள்ளும் வீட்டுக்காரர் கிடைத்தார் என்று சந்தோஷப்படுவார்.